நோயில்லாதவனுக்கு ஒரு மருந்து

மருந்து என்றால் நோயைத் தீர்ப்பது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். காய்ச்சல் கண்டவனுக்குக் கஷாயம், இருமல் கண்டவனுக்குச் சூரணம், வயிறு மந்தித்தவனுக்கு ஓமத்திரவம் என்று, வியாதி முன்னே நடக்க, ஔஷதம் அதன் பின்னே ஓடுவதுதான் உலக வழக்கம். ஆயினும் நம் நாட்டுப் பழைய வைத்திய சாஸ்திரங்களைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு, இந்த வழக்கத்துக்கு மாறான ஓர் எண்ணம் எடுத்த எடுப்பிலேயே எதிர்ப்படும். சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி சுரத்தைப் பற்றியோ குஷ்டத்தைப் பற்றியோ பேசித் தொடங்கவில்லை. மருந்து இரு வகைப்படும், ஆரோக்கியமாக இருப்பவனுக்கு மேலும் வலிவும் ஊக்கமும் தருவது ஒன்று, நோயாளியின் நோயைப் போக்குவது மற்றொன்று என்று பிரித்துக்கொண்டு, ரஸாயனம், வாஜீகரணம் என்ற பெயர்களால் முதல் வகைக்கே முதல் இரண்டு அத்தியாயங்களையும் கொடுத்துவிடுகிறது. சுரம் மூன்றாவதாகத்தான் வருகிறது.

இந்த முறைவைப்பு பாரத தேசத்துக்கு மட்டும் உரியதன்று. சீனத்தில் ஷென்னோங் என்னும் புராண அரசரின் பெயரால் வழங்கும் பழைய மூலிகை நூல், 365 சரக்குகளை மூன்று வகுப்பாகப் பிரித்து, உயிரைப் போஷித்து உடலை லேசாக்குபவை என்று 120 சரக்குகளை அரசருக்கு நிகராக மேலே வைத்து, இயல்பைத் திருத்துபவை என்று 120 சரக்குகளை மந்திரிகளாக நடுவில் நிறுத்தி, நோயைத் தீர்ப்பவையான 125 சரக்குகளை ஏவலாளர் வரிசையில் கடைசியாகத் தள்ளிவிடுகிறது. ஆனால் அந்த மேல் வகுப்பிலேயே இரசத்தின் தாதுவான இலிங்கமும் இடம் பெற்றிருந்தது என்பதையும், நீண்ட ஆயுளை நாடி இரசம் கலந்த மருந்துகளை உண்டு தாங் வமிசத்துச் சக்கரவர்த்திகள் சிலர் ஆயுள் குறைந்தே மாண்டார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. நோயைப் போக்கிக்கொள்ள விரும்புகிறவனுக்கு, அது போனதும் மருந்தை நிறுத்திவிடலாம் என்ற எல்லை ஒன்று இருக்கிறது. மேன்மேலும் நன்றாக இருக்க விரும்புகிறவனுக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. இந்தத் துறையின் கவர்ச்சியும் அபாயமும் அதில்தான் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் இந்த எண்ணத்துக்குச் சித்தர்கள் இட்ட பெயர் காயகற்பம். நரை, திரை, மூப்பு, சாக்காடு என்னும் நான்கையும் தள்ளிப்போட்டு, யோக சாதனைக்கு வேண்டிய காலமெல்லாம் தேகத்தை நிலைநிறுத்திக்கொள்வது அதன் நோக்கம். சித்தர்களுக்கு வெகு காலம் முன்பே, அதியமான் நெடுமான் அஞ்சி தனக்குக் கிடைத்தற்கரிதாகக் கிடைத்த, ஆயுளை நீட்டும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு அளித்த செய்தியைப் புறநானூற்றின் 91ஆம் பாட்டால் அறிகிறோம். அக்கனியைக் கொடுத்த அதியமானுக்கும் நோய் இல்லை, வாங்கிய ஔவையாருக்கும் நோய் இல்லை. நல்ல தேகத்தோடு இருந்த இருவரில், உலகத்துக்கு நெடுநாள் வேண்டியவர் யார் என்ற ஒரே யோசனைதான் அந்தக் கனி கை மாறியதற்குக் காரணம்.

நெல்லியே வடமொழி நூல்களிலும் இத்துறையின் தலைமைப் பொருள். கிழவரான சியவன முனிவர் மீண்டும் இளமை பெற்றது இதனால்தான் என்று கூறப்படும் சியவனப்பிராசத்துக்கு 500 நெல்லிக்காய் வேண்டும் என்கிறது சரகம். அதை எவ்வளவு உண்ணலாம் என்பதற்கு அந்நூல் கொடுக்கும் அளவு எனக்கு மிகவும் பிடித்தமானது: அடுத்த வேளைச் சாப்பாட்டைக் கெடுக்காத அளவு. பசியையே தராசாகக் கொண்ட இந்த அளவைவிட நியாயமான அளவை இன்றைய எந்தச் சீசாவின் மேல் ஒட்டிய சீட்டிலும் நான் பார்த்ததில்லை.

ஆனால் நெல்லிக்காயைத் தின்றதும் இளமை வந்துவிடும் என்று அந்த நூல்கள் எங்கும் சொல்லவில்லை. உத்தமமான ரஸாயன முறைக்குக் குடீப்பிரவேசம் என்று பெயர். நல்ல நிலத்தில், கிழக்கோ வடக்கோ நோக்கி, கனத்த சுவரும் சிறிய ஜன்னல்களும் உடையதாய், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அறை கொண்ட ஒரு குடிலைக் கட்ட வேண்டும். உத்தராயணத்தில், வளர்பிறையில், நல்ல நாள் பார்த்து, தலையை மழித்துக்கொண்டு அதனுள் புக வேண்டும். புகுந்தவுடன் ரஸாயனம் கிடைத்துவிடாது. கடுக்காயும் நெல்லியும் இந்துப்பும் சுக்கும் திப்பிலியும் மஞ்சளும் வெல்லமும் சேர்ந்த சூரணத்தை வெந்நீரில் உண்டு, வயிறு நன்றாகக் கழிந்த பின், நெய் கலந்த வாற்கோதுமைக் கஞ்சியிலேயே மூன்று நாளோ, ஐந்து நாளோ, ஏழு நாளோ இருந்து, பிறகுதான் வைத்தியர் அவரவர் தேகத்துக்கு ஏற்ற ரஸாயனத்தைத் தொடங்குவார். அழுக்குத் துணியில் சாயம் ஏறாதது போல, சுத்தி செய்யாத உடம்பில் ரஸாயனம் பிடிக்காது என்பது அவர்கள் கொள்கை. இவ்வளவுக்கும் பொருளும் ஓய்வும் மன அடக்கமும் உள்ளவனே இதற்கு உரியவன் என்று நூலாசிரியர்களே ஒப்புக்கொண்டு, வெயிலிலும் காற்றிலும் நடமாடிப் பிழைக்க வேண்டிய ஏனையோருக்கு வேறோர் எளிய முறையையும் வகுத்துவைத்தார்கள். இரண்டு முறைக்கும் உரிய வயது இளமையோ நடுவயதோதான். முதுமை வந்து கதவைத் தட்டிய பிறகு தொடங்குவதை அவர்கள் விரும்பவில்லை.

நம் தந்தையர் காலத்தில் இந்தக் குடீப்பிரவேசத்தைச் செய்து பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். காசி ஹிந்து சர்வகலாசாலையை நிறுவிய பண்டித மதன்மோகன் மாளவியா 1938ஆம் வருஷம், தம்முடைய 76ஆம் பிராயத்தில், தபசி பாபா என்று அழைக்கப்பட்ட ஒரு சாதுவின் மேற்பார்வையில் பல வாரங்கள் அறைக்குள்ளேயே இருந்து காயகற்பம் செய்துகொண்டார். மகாத்மாவுக்கு அடுத்தபடி தேசம் மதித்த தலைவர்களில் ஒருவர் ஆகையால், செய்தி நாடெங்கும் பரவியது. முகத்தின் சுருக்கம் குறைந்ததாகவும் வெண்மயிர் கருத்ததாகவும் ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். காயகற்ப வைத்தியர்கள் என்று சொல்லிக்கொண்டு பலர் ஊர்தோறும் கிளம்பினார்கள். அடுத்த வருஷமே, 1939இல், உடல்நலம் இடந்தராமையால் மாளவியா சர்வகலாசாலையின் துணைவேந்தர் பதவியை டாக்டர் ராதாகிருஷ்ணனிடம் ஒப்படைத்தார், 1946இல் காலமானார். அவர் அனுபவம் இளமை திரும்பும் என்பதற்குச் சாட்சியாக நிற்கவில்லை. பல வார ஓய்வும் மிதமான ஆகாரமும் மௌனமும் களைத்துப்போன ஒரு பெரியவரைச் சிறிது காலம் தெளிவடையச் செய்திருக்கும் என்பதை நம்புவதற்கு மட்டும் நமக்குத் தடையில்லை.

சித்த வைத்தியத்தில் கற்ப முறை இதைவிடப் பரவலானது. ஒரு மண்டலம் என்ற கணக்கில் 48 நாள் உண்ணும் கற்பங்களே பெரும்பாலானவை. உடல் முழுவதையும் தேற்றுவது பொதுக் கற்பம். குறிப்பிட்ட ஒரு பிணியை நோக்கியது சிறப்புக் கற்பம். மூலிகைக்குத் துணையாகத் தேன், நெய், பால் முதலிய அனுபானங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பத்தியம் உண்டு. புளி ஆகாது, புகையிலை ஆகாது, சிற்றின்பம் ஆகாது, கண் விழித்தல் ஆகாது. கடும்பத்தியமானால் உப்பும் ஆகாது. இளகிய பத்தியத்தில் உப்பை வறுத்தும் புளியைச் சுட்டும் சேர்த்துக்கொள்ளச் சலுகை கிடைக்கும். நாக்கைக் கட்டத் தெரியாதவன் கற்பத்தைத் தொடக் கூடாது என்பதே வைத்தியர்களின் பொதுத் தீர்ப்பு.

குடும்பஸ்தர்களுக்கென்று அவர்கள் விட்டுச்சென்ற எளிய கற்பம், காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்பது. இதைச் செய்யும் வகை பாட்டிமார் கைக்குத் தெரியும். இஞ்சியைக் கழுவித் தோல் சீவி, அம்மியில் நைத்துப் பிழிந்த சாற்றை ஒரு கிண்ணத்தில் அசையாமல் வைத்தால், சிறிது நேரத்தில் அடியில் வெள்ளை மாவாக ஒரு மண்டி படியும். மேலே நிற்கும் வெளிர்மஞ்சள் தெளிவை மட்டும் மெல்ல இறுத்து, சம அளவு தேன் விட்டு, வெறும் வயிற்றில் ஒரு கரண்டி கொடுப்பார்கள். இஞ்சிக்கு மேல்தோலிலும் கடுக்காய்க்கு உள்கொட்டையிலும் நஞ்சு என்பது வழக்கு. எனவே சுக்கின் மேல் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, உலர்ந்ததும் தோலோடு சுரண்டி எடுத்துவிட்டுப் பொடிப்பார்கள். கடுக்காயை உடைத்துக் கொட்டையை எறிந்துவிட்டுச் சதையை மட்டும் இடித்துத் துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்வார்கள். கிண்ணத்தின் அடியில் படியும் அந்த வெள்ளை மண்டி பெரும்பாலும் மாப்பொருளேயன்றி விஷமன்று என்று இன்றைய வேதியியல் சொல்லும். சொல்லட்டும், தெளியவைத்த சாறு குடிக்க இதமாக இருக்கிறது, அதற்காகவே அந்தச் சிரமம் தகும். இஞ்சியும் சுக்கும் பசியைக் கிளப்பி ஜீரணத்துக்கு உதவுகின்றன. கடுக்காய் மலத்தை இளக்குகிறது. வேளைக்குப் பசித்து, வேளைக்கு உண்டு, வேளைக்குக் கழிந்து உறங்குகிற மனிதனின் முகத்தில் தெளிவு தோன்றுவதற்கு வேறு அற்புதம் எதுவும் தேவைப்படாது.

வள்ளலார் இராமலிங்க அடிகள் தம் அன்பர்களுக்கு வகுத்த நித்திய கரும விதியில் சொன்ன பானமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. பொற்றலைக் கையாந்தகரை என்னும் மஞ்சள் கரிசாலை இலை ஒரு பங்கு, தூதுவளை இலை கால் பங்கு, முசுமுசுக்கை இலை கால் பங்கு, சீரகம் கால் பங்கு சேர்த்துப் பொடித்துவைத்துக்கொண்டு, காலையில் சிறிது எடுத்து, நீரும் அதே அளவு பசும்பாலும் கலந்து, நீர் முழுவதும் சுண்டும் வரை காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை சேர்த்து அருந்தச் சொன்னார். மஞ்சள் கரிசாலை கிடைக்காத இடத்தில் வெள்ளைக் கரிசாலை; வயல் வரப்பிலும் வாய்க்காலோரத்திலும் தானே முளைத்துக் கிடக்கும் அதன் இலையைக் கசக்கினால் விரல் கறுத்துப்போகும். தூதுவளையின் இலை முதுகிலும் நரம்பிலும் வளைந்த முட்கள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கப் பொறுமை வேண்டும். வள்ளலாரின் சன்மார்க்க நெறியைப் பின்பற்றும் அன்பர் பலர் இன்றும் காப்பிக்குப் பதிலாக இப்பானத்தை அருந்துகிறார்கள். ஆனால் அந்த விதியை முழுதும் படித்தால், இந்தப் பானம் அதில் ஒரு சிறு பகுதி என்பது விளங்கும். விடியுமுன் எழுவது, வெந்நீரையே பருகுவது, மிதமாக உண்பது, உலாவுவது, தூக்கத்தைக் குறைப்பது, மனத்தைக் கோபத்திலும் கவலையிலும் செல்லவிடாமல் காப்பது என்று நாள் முழுவதையும் அது அளந்து வைத்திருக்கிறது. 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கி, பிறர் பசியைப் போக்குவதையே முதல் சாதனமாகக் கொண்ட ஒருவர் எழுதிய தேக விதி அது என்பதையும் மறத்தற்கில்லை.

மூலிகையைவிட ஒழுக்கமே பெரிது என்பதைச் சரகர் இன்னும் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். மூலிகைகளையெல்லாம் விரித்துக் கூறிய பிறகு, ஆசார ரஸாயனம் என்று ஒன்றைச் சேர்த்து, சத்தியம் பேசுகிறவன், சினம் தணிந்தவன், மதுவை விலக்கியவன், பிறரை இம்சிக்காதவன், தானம் செய்கிறவன், உறக்கத்தையும் விழிப்பையும் அளவோடு வைத்துக்கொள்கிறவன், இவன் மூலிகை எதுவும் உண்ணாமலே ரஸாயனம் உண்டவனாகிறான் என்கிறார். நம் பதினெண்கீழ்க்கணக்கு ஆசிரியர்களோ எதிர்த் திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றின் கூட்டுக்கு உரிய பெயரைத் திரிகடுகம் என்று தம் நீதி நூலுக்கு இட்டார் நல்லாதனார். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர் சிறுபஞ்சமூலம் ஆயிற்று. ஏலத்தைத் தலையாகக் கொண்ட ஆறு சரக்கு ஏலாதி ஆயிற்று. மருந்துக் கடையும் அறநூலும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இருந்த அந்தக் காலத்தில், மூலிகையால் மனிதன் மேம்படுவான் என்று சொன்னால், அது தனித்த மூலிகையைப் பற்றிய பேச்சாக யாருக்கும் பட்டிருக்காது.

இன்று படுகிறது. கற்பத்துக்கு அக்காலத்தார் கொடுத்த விலை ஒரு மண்டல வாழ்க்கை. நாம் கொடுப்பது சில நூறு ரூபாய். குடிலும் பத்தியமும் விரேசனமும் ஆசாரமும் கழிந்து, எஞ்சிய மூலிகை மட்டும் குளிகையாகி நிற்கிறது. இதற்குச் சாஸ்திரீயமான ஒரு பெயரும் கிடைத்துவிட்டது. 1947இல் சோவியத் விஞ்ஞானி லாசரெவ், தேகத்துக்கு நேரும் பலவித நெருக்கடிகளையும் பொதுவாகத் தாங்கும் சக்தியை வளர்க்கும் பொருள்களுக்கு 'அடாப்டஜென்' என்று பெயரிட்டார். பின்னர் பிரெக்மன் என்பவர் ஜின்செங்கையும் அதன் உறவான சைபீரியச் செடி ஒன்றையும் அந்தக் கண்கொண்டு ஆராய்ந்தார். நம் அமுக்கரா அசுவகந்தி என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போனது இந்த வாசல் வழியாகத்தான். நம்மவர்கள் அக்கிழங்கைப் பால் ஆவியில் பிட்டாக அவித்து உலர்த்திப் பொடித்து, ஒரு சிட்டிகையைப் பாலிலோ நெய்யிலோ கொடுத்தார்கள். சந்தையில் விற்பது செறிவாக்கிய சாரம். மனக்கலக்கமும் தூக்கமின்மையும் ஓரளவு குறைவதாகச் சில வாரங்களே நடந்த சிறு சோதனைகள் காட்டுகின்றன; வருஷக்கணக்கில் உண்டால் என்ன ஆகும் என்பதற்கு அவை விடை சொல்லவில்லை. அதே சாரத்தை உண்டவர்கள் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்ட செய்திகளும் வந்திருக்கின்றன. டென்மார்க் தேசம் 2023இல் அதைத் தடை செய்துவிட்டது. தடை மிகையா, நியாயமா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. செறிவாக்கிய சாரமும் பாட்டி கொடுத்த சிட்டிகையும் ஒன்றல்ல என்பதில் பேதம் இருக்க நியாயமில்லை.

இன்னும் கொடிய விபத்து ஒன்று பெல்ஜியத்தில் நேர்ந்தது. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரஸ்ஸல்ஸ் நகரில், நோய் ஒன்றுமில்லாத பெண்கள் உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகை கலந்த குளிகைகளை உண்டார்கள். சீனத்தில் ஏறத்தாழ ஒரே பெயரால் வழங்கும் இரண்டு வேர்களில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று கலந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகங்கள் கெட்டுப்போயின; பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டியதாயிற்று; சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றும் கண்டது. தவறிக் கலந்த வேர் அரிஸ்டலோக்கியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே பேரினம். இவற்றையும் கண்டவர் சொல்கேட்டு உண்ணலாகாது. தாது கலந்த மருந்துகளின் கதையும் இப்படித்தான்: அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதச் சரக்குகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 14 சரக்குகளில் ஈயமோ இரசமோ பாஷாணமோ இருந்தது. பிணி முற்றியவன் துணிந்து ஏற்கும் அபாயத்தை, பிணியே இல்லாதவன் எதற்காக ஏற்க வேண்டும்?

ஆகவே ஒரு குடும்பஸ்தன் இத்துறையில் துணிந்து கைவைக்கத் தக்கவை, உணவாகவே உண்டு பழகியவைதாம் என்பது என் அபிப்பிராயம். ஐப்பசி பிறந்ததும் சந்தைக்கு வரத் தொடங்கும் பெருநெல்லி, ஆரஞ்சைவிடப் பன்மடங்கு 'சி' வைட்டமின் கொண்டது. பச்சையாக உப்புத் தொட்டுத் தின்னலாம், தயிர்ப் பச்சடியாக்கலாம். தூதுவளையை முள் நீக்கி நெய்யில் வதக்கித் துவையல் அரைக்கலாம். வல்லாரையைப் பருப்போடு கூட்டாக்கலாம்; ஞாபகசக்திக்கு அது பெயர் பெற்றதாயினும், பரீட்சைக்கு முந்தின வாரம் பிள்ளைக்கு அரைத்துக் கொடுப்பவர்களுக்கு ஆறுதல்தான் கிடைக்கும். அமுக்கரா, பற்பம், செந்தூரம், செறிவாக்கிய சாரங்கள் ஆகியவற்றைப் பட்டம் பெற்ற சித்த வைத்தியர் நாடி பார்த்துச் சொன்னாலன்றித் தொட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அவை அறவே வேண்டாம்.

மற்றொரு சங்கடமும் உண்டு. ஆஸ்பத்திரியில் டாக்டர், "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், காலையில் சூரணமும் இரவில் லேகியமும் உண்கிறவர்கள்கூட, "ஒன்றும் இல்லை சார்" என்றே சொல்கிறார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. நோய்க்காக உண்ணாததை அவர்கள் மருந்தில் சேர்ப்பதில்லை. ஆனால் இப்படிச் சொல்லாமல் விடுவது ஆபத்தாகலாம்: மஞ்சளின் சாரத்தோடு மிளகின் சாரம் சிறிது சேர்ந்தால், உடலில் ஏறும் அளவு இருபது மடங்காகிறது என்று 1998இல் பெங்களூரில் நடந்த சோதனை ஒன்று காட்டியது. மஞ்சளுக்குத் திறந்த கதவு, அதே சமயம் உண்ட வேறு மாத்திரைகளுக்கும் திறக்கக் கூடும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தைராய்டுக்கும் மாத்திரை உண்பவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும், தாம் உண்ணும் பொட்டலத்தையோ குப்பியையோ கையோடு எடுத்துச் சென்று டாக்டரின் மேஜைமேல் வைத்துவிடுவது நலம்.